ஒன்பது ஒத்திகைகள்: ‘ப்யூரஸ்ட் ஃபீலிங்’ என்னும் திருட்டுக் குறுந்தகடும் ஓர் இசைக்குழுவின் முன்வரலாறும்

1994 மார்ச்சில் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் ‘த டவுன்வர்ட் ஸ்பைரல்’ வெளிவந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. இயந்திர இரைச்சலையும் கணினித் தாளத்தையும் மின்கிதாரின் கடுமையையும் பிணைத்து உருவான ‘இண்டஸ்ட்ரியல் ராக்’, சிறு அரங்குகளை விட்டுப் பெருஞ்சந்தைக்குள் வந்த காலம் அது. அதே ஆண்டில் அக்குழுவின் பெயரைத் தாங்கி மற்றொரு குறுந்தகடும் புழக்கத்திற்கு வந்தது. ‘ப்யூரஸ்ட் ஃபீலிங்’ என்பது அதன் தலைப்பு. அதைக் குழுவும் வெளியிடவில்லை. குழுவோடு ஒப்பந்தம் கொண்டிருந்த நிறுவனமும் வெளியிடவில்லை. அதில் இருந்தவை, கிளீவ்லாந்து நகரின் ஸ்டூடியோ ஒன்றில் 1988 நவம்பரில் பதிவான ஒன்பது மாதிரிப் பதிவுகள். ‘குழு’ என்று சொல்லத்தக்க எதுவும் உருவாகாத நிலையில், ஓர் இளைஞர் தம் பாடல்களைத் தமக்குத்தாமே ஒத்திகை பார்த்த தடங்கள் அவை.

அந்த இளைஞர் ட்ரெண்ட் ரெஸ்னர். 1965இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்து, மெர்சர் என்னும் சிற்றூரில் தாத்தா பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தவர். சிறுவயதிலேயே பியானோ கற்றவர். கணினிப் பொறியியல் படிக்கச் சேர்ந்து ஓராண்டில் கல்லூரியை விட்டவர். கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்து, உள்ளூர்க் குழுக்கள் சிலவற்றில் கீபோர்டு வாசித்தார். பிழைப்புக்கு ரைட் ட்ராக் என்னும் ஸ்டூடியோவில் வேலை. ஒலிப்பதிவு உதவியாளர் பணியோடு தரை துடைக்கும் பணியும் அவருடையதுதான். வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் ஸ்டூடியோவைப் பயன்படுத்திக்கொள்ள அதன் உரிமையாளர் பார்ட் கோஸ்டர் அனுமதித்தார். இசை வரலாற்றில் இத்தகைய அனுமதிகள் பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடும். ஆனால், நல்ல ஒலிப்பதிவு நேரம் மணிக்கணக்கில் விலை போன காலத்தில், ஒரு தொழிலாளிக்கு இலவசமாகக் கிடைத்த இரவு நேரம் என்பது மூலதனத்திற்கு நிகரானது.

தாம் நினைத்தபடி வாசிக்கத்தக்க துணையாளர்கள் கிடைக்காமையால், பிரின்ஸ் என்னும் கலைஞரின் முன்மாதிரியைப் பின்பற்றித் தாளக் கருவிகள் நீங்கலாக அனைத்தையும் அவரே வாசித்துப் பதிந்தார். ஒரு மெக்கின்டாஷ் கணினி, ஓர் ஈமேக்ஸ் சாம்ப்ளர், சில சிந்தசைசர்கள் ஆகியனவே அக்காலத்தில் அவர் கைவசம் இருந்த முதன்மைக் கருவிகள். ‘ஒத்திகை’ என்ற சொல்லின் பொருள் இங்கே மாறிவிடுவதைக் கவனிக்க வேண்டும். நால்வர் கூடி வாசிக்கும் ராக் குழுவில் ஒத்திகை என்பது காற்றில் கரைந்துபோவது. யாரேனும் ஒலிநாடாவைச் சுழலவிட்டால்தான் மிஞ்சும். கணினியில் சுரவரிசையைக் கோத்து இசைப்பவருக்கோ ஒத்திகையே பதிவு. தவறாக வைத்த ஒரு சுரத்தையும் மறுநாள் திருத்தும்வரை இயந்திரம் அப்படியே நினைவில் வைத்திருக்கும். இண்டஸ்ட்ரியல் ராக்கின் முன்வரலாறு மற்ற ராக் வகைகளின் முன்வரலாற்றைவிட அதிகமாக எஞ்சியிருப்பதற்கு, இந்தத் தொழில்நுட்ப நிலைமையும் ஒரு காரணம் எனலாம்.

ரெஸ்னரின் நோக்கம் தொடக்கத்தில் மிகச் சிறியது: ஐரோப்பியச் சிறுநிறுவனம் ஒன்றின் வழியாக ஒரேயொரு பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு வெளியிட வேண்டும். மாதிரிப் பதிவுகள் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. எதிர்பாராத அளவில் பல நிறுவனங்கள் ஆர்வம் காட்டின. கடைசியில் அவர் கையெழுத்திட்டது டி.வி.டி. ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துடன். தொலைக்காட்சித் தொடர்களின் முகப்பிசைகளைத் தொகுத்து விற்றுப் பெயர்பெற்ற நிறுவனம் அது. முதல் தொகுப்பான ‘ப்ரெட்டி ஹேட் மெஷின்’ 1989 அக்டோபர் 20 அன்று வெளியானது. தரவரிசையில் 75ஆம் இடத்திற்கு மேல் ஏறவில்லை. ஆனால் நூறு வாரங்களுக்கு மேல் பட்டியலில் நீடித்து, பத்து லட்சம் படிகள் விற்ற சுயாதீன வெளியீடுகளுள் முன்னோடியாக ஆயிற்று.

திருட்டுக் குறுந்தகட்டின் மதிப்பு இந்த முதல் தொகுப்போடு ஒப்பிடும்போதுதான் தெளிவாகிறது. அதிலுள்ள ஒன்பதில் ஆறு பாடல்கள் ‘ப்ரெட்டி ஹேட் மெஷி’னில் இடம்பெற்றன. அவற்றுள் ஐந்து பழைய பெயரிலேயே வந்தன. ‘ட்விஸ்ட்’ மட்டும் ‘ரிங்ஃபிங்கர்’ எனப் பெயர் மாறியது. எஞ்சிய மூன்றில் ஒன்று முகப்பிசை. ‘மேபி ஜஸ்ட் ஒன்ஸ்’, ‘ப்யூரஸ்ட் ஃபீலிங்’ என்னும் இரண்டும் கைவிடப்பட்டவை. இது வரையிலான கணக்கு எந்த ரசிகருக்கும் மனப்பாடம். இதை மறுபக்கமிருந்து கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. முதல் தொகுப்பில் இருந்து இந்தக் குறுந்தகட்டில் இல்லாதவை எவை? ‘ஹெட் லைக் எ ஹோல்’, ‘டெரிபிள் லை’, ‘சின்’, ‘சம்திங் ஐ கேன் நெவர் ஹேவ்’ ஆகிய நான்கு. இக்குழுவின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் சினமும் இருளும் பெருமளவு இந்த நான்கில்தான் குடிகொண்டிருக்கின்றன. ‘ஹெட் லைக் எ ஹோல்’, ‘டெரிபிள் லை’ இரண்டையும் தயாரித்தவர் ஃப்ளட் என்னும் ஆங்கிலேயத் தயாரிப்பாளர். ஜான் ஃப்ரையர், ஏட்ரியன் ஷெர்வுட், கீத் லெப்ளாங்க் ஆகியோரும் தொகுப்பின் பிற பகுதிகளில் பங்காற்றினர்.

மாதிரிப் பதிவுகளைக் கேட்பவருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம். கோபத்தை எதிர்பார்த்துச் சென்றவர் அங்கே சந்திப்பது, எண்பதுகளின் சிந்தசைசர் பாப் இசையில் ஊறிய, நடனத்திற்கு இசைவான, சில இடங்களில் துள்ளலான ஓர் இளைஞரை. மின்கிதாரின் உறுமல் பின்னால் ஒதுங்கியிருக்கிறது. அந்த ஏமாற்றத்தையே இங்கு வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டும்.

கிளீவ்லாந்து எஃகு நகரம். 1969இல் அதன் கையஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றியது. 1978 டிசம்பரில் நகராட்சி கடனைத் திருப்பிக் கட்ட இயலாமல் தவணை தவறியது. ஆலைகள் மூடப்பட்ட ஊரிலிருந்து ஆலை இரைச்சல் போன்ற இசை பிறந்தது என்று எழுதுவது எளிது. வாசிப்பதற்கும் அழகாக இருக்கும். சமூகப் பொருளியல் பின்னணிக்கும் ஒலிக்கும் இப்படி நேர்க்கோடு போடுவது இசை ஆய்வில், குறிப்பாக முதுகலை ஆய்வேடுகளில், பழகிப்போன வழி. ஒன்பது பதிவுகளும் அந்த நேர்க்கோட்டை ஏற்க மறுக்கின்றன. மூடிய ஆலைகள் 1988 நவம்பரிலும் மூடியேதான் கிடந்தன. ஆனால் பாடல்களில் ஆலை ஒலிக்கவில்லை. கடுமை அதற்குப் பின்னர், அடுத்த சில மாதங்களில், வெளியூர் இசையையும் வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களையும் எதிர்கொண்டபோது சேர்ந்தது. முதல் தனிப்பாடலான ‘டவுன் இன் இட்’, கனடாவின் ஸ்கின்னி பப்பி குழுவின் ‘டிக் இட்’ பாடலை அப்பட்டமாக ஒட்டி எழுந்தது என்று ரெஸ்னரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1988இல் அக்குழுவின் சில நிகழ்ச்சிகளில் முன்வரிசை இசைஞராக மேடையேறவும் செய்தார். ‘ரிங்ஃபிங்கர்’ பாடலில் பிரின்ஸ், ஜேன்ஸ் அடிக்ஷன் ஆகியோரின் பதிவுகளிலிருந்து எடுத்த ஒலித்துணுக்குகள் உள்ளன. ஆக, இந்த இசையின் ‘தொழிற்சாலை’ கிளீவ்லாந்தின் ஆற்றங்கரையில் இல்லை. வான்கூவர், சிகாகோ, லண்டன் இசைத்தட்டுகளில் இருந்தது. ஊரின் பங்கு அறவே இல்லை என்பதன்று. அது ஒரு காலி ஸ்டூடியோவும் சம்பளமும் தந்தது. அந்தப் பங்கு உருவகத்தைவிடச் சிறியது, ஆனால் சான்றுள்ளது.

இவ்வளவையும் சொல்லும் ஆவணம் திருட்டு ஆவணம் என்பதுதான் சிக்கல்.

ராக் இசையில் அனுமதியற்ற பதிவு வணிகத்தின் தொடக்கம் 1969இல் வெளிவந்த ‘கிரேட் வைட் வண்டர்’ என்னும் இசைத்தட்டு. பாப் டிலனின் வெளிவராத பதிவுகளை வெற்று உறையில் இட்டு விற்றார்கள். அதன் உள்ளடக்கத்தில் மேடைக் கச்சேரியைவிட நண்பர் ஒருவரின் குடியிருப்பில் பாடியவையும், 1967இல் ஒரு வீட்டு நிலவறையில் செய்துபார்த்தவையும் மிகுதி. அந்த நிலவறைப் பாடல்களும் பிற கலைஞர்கள் பாடுவதற்கென அனுப்பப்பட்ட மாதிரிப் பதிவுகளாகவே புழங்கியவை. ஒத்திகையும் மாதிரியுமே திருட்டுப் பதிவின் மூலச்சரக்கு என்பது தற்செயலன்று. மாதிரிப் பதிவு பிறக்கும்போதே பலர் கைக்குப் போவதற்கென்று பிறக்கிறது. ஆனால் பொதுமக்கள் கைக்குப் போவதற்கன்று. அந்த இடைவெளியில்தான் கசிவு நிகழ்கிறது.

சட்டமும் நீண்ட காலம் இந்த இடைவெளியைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமைப் பாதுகாப்பே 1972 பிப்ரவரி 15 முதல்தான் கிடைத்தது. 1978க்குப் பிந்தைய படைப்புகளுக்கு, வெளியிடப்படாவிட்டாலும், பதிவான கணத்திலிருந்தே உரிமை உண்டு. எனவே 1988இன் ஸ்டூடியோ மாதிரிகளைப் படியெடுத்து விற்பது ஐயமற்ற மீறல். மேடை நிகழ்ச்சியை ரகசியமாகப் பதிபவரின் நிலையோ வேறு. கலைஞர் தாமே பதியாத ஒன்றுக்கு எந்த உரிமை என்ற கேள்வி பல நாடுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் திருட்டுக் குறுந்தகடுகள் பெருகியது இத்தகைய ஓட்டைகளால்தான். அமெரிக்காவில் நடந்த கச்சேரியின் பதிவு ஜெர்மனியில் விற்கப்பட்டதை எதிர்த்து ஃபில் காலின்ஸ் தொடுத்த வழக்கில், பிற உறுப்பு நாட்டுக் கலைஞர்களுக்குப் பாதுகாப்பில் பாகுபாடு காட்டலாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 1993 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையையொட்டி, 1994 டிசம்பரில் அமெரிக்கா அனுமதியற்ற மேடைப் பதிவுகளைத் தனியே தடைசெய்தது. ‘ப்யூரஸ்ட் ஃபீலிங்’ வெளிவந்ததும் அதே 1994. கதவு மூடும் வேளையில் வெளியேறிய சரக்குகளுள் ஒன்று அது.

இனி, ஆவணவியல் நோக்கில் முக்கியமான செய்தி. ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் படியெடுக்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் கூடும். உச்ச ஒலிகள் மழுங்கும். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களால் மூலத்தை நெருங்கும் பதிப்பாசிரியரைப் போல, இந்தத் தேய்மானத்தைக் கொண்டு எந்தப் படி எதற்கு முந்தையது என்று ஓரளவு ஊகிக்க முடியும். குறுந்தகடு வந்ததும் அந்த வழி அடைபட்டது. எத்தனை முறை படியெடுத்தாலும் எண்முறைப் படி தேயாது. ஆகவே தன் மூதாதையைச் சொல்லாது. திருட்டுக் குறுந்தகடு இரட்டை மௌனம் பூண்டது: கொண்டுவந்தவர் பெயரை மறைக்கிறது, வந்த வழியையும் துடைத்துவிடுகிறது.

இந்தச் சிக்கலை ரெஸ்னர் நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு வேறொரு கசிவு சான்று. 1992இன் ‘ப்ரோக்கன்’ வெளியீட்டுக்குத் துணையாக எடுக்கப்பட்ட குறும்படம், அதன் வன்முறைக் காட்சிகளால் வெளியிடப்படவே இல்லை. நண்பர்கள் சிலருக்கு மட்டும் வீடியோ நாடாவில் படிகள் தரப்பட்டன. ஒவ்வொரு படியிலும் வெவ்வேறு இடத்தில் காட்சி ஒரு நொடி அறுபடுமாறு செய்து வைத்ததாகவும், அதனால் கசியவிட்டவர் யார் என்று தமக்குத் தெரிந்ததாகவும் அவர் பின்னாளில் தெரிவித்தார். பாடபேதத்தைப் படைப்பாளியே முன்கூட்டி விதைத்துவைப்பது, சுவடிப் பதிப்பு வரலாற்றில் காணக்கிடைக்காத விசித்திரம்! 1988இன் நாடாக்களுக்கு அத்தகைய காவல் இல்லை. அன்று அவற்றைத் திருட யாரேனும் விரும்பக்கூடும் என்று எண்ண வேண்டிய தேவையே அவருக்கு இருந்திருக்காது.

அந்தக் குறும்படத்தை இயக்கியவர் பீட்டர் கிறிஸ்டோஃபர்சன். ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற பெயரையே இசைக்குத் தந்த லண்டன் குழுவான த்ராபிங் கிரிசிலின் நால்வருள் ஒருவர். 1975இல் உருவான அக்குழு, தன் கச்சேரிகளை ஏறக்குறைய முழுமையாகப் பதிவுசெய்து, தானே ஒலிநாடாக்களாக விற்றது. திருடுவதற்கு எதையும் மிச்சம் வைக்காத ஏற்பாடு அது. அலுவலகக் கோப்பைப் பகடி செய்து, 1977இல் வந்த தன் முதல் நெடுந்தட்டுக்கு ‘இரண்டாம் ஆண்டறிக்கை’ என்று பெயரிட்டது. முதலாம் அறிக்கை எங்கே என்ற கேள்வி அந்தப் பெயரிலேயே பொதிந்திருந்தது. அவர்களுடைய 1975ஆம் ஆண்டுப் பதிவுகள் பிற்காலத்தில் ‘முதல் ஆண்டறிக்கை’ என்ற பெயரில் வந்தடைந்தன. தொடக்கத்தைக் காலியிடமாக விட்டு அதை ஒரு நகைச்சுவையாக்கியவர்கள் அவர்கள். ரெஸ்னரிடம் அந்த நகைச்சுவை இல்லை.

1989இல் ‘டவுன் இன் இட்’ பாடலுக்காகச் சிகாகோவில் காணொளி எடுத்தபோது, பலூன்களில் கட்டப்பட்ட கேமரா ஒன்று காற்றில் பறந்து, மிச்சிகன் மாநில விவசாயி ஒருவரின் வயலில் விழுந்தது. அதிலிருந்த காட்சியில் தரையில் சடலம்போல் கிடந்த இளைஞர் உண்மையாகவே கொல்லப்பட்டவர் என்று நம்பி, கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை விசாரணையில் இறங்கியது. கிடந்தவர் ரெஸ்னர், நடிப்பு. சூழலிலிருந்து பிய்ந்து வந்த ஆவணம் எவ்வளவு தவறாகப் படிக்கப்படலாம் என்பதற்கு வகுப்பறையில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

பிந்தைய ஆண்டுகளில் ரெஸ்னர் தம் இசையைத் தாமே கசியவிடும் கலைஞராக மாறினார். 2005இல் ஒரு பாடலின் தனித்தனி ஒலித்தடங்களைப் பொதுமக்கள் வெட்டி ஒட்டிக்கொள்ளத் தந்தார். 2007இல் வெளிவராத பாடல்கள் அடங்கிய யூ.எஸ்.பி. கருவிகள் கச்சேரி அரங்கின் கழிவறையில் ரசிகர்கள் கண்டெடுக்கும்படி விடப்பட்டன. 2008இல் ‘த ஸ்லிப்’ தொகுப்பு இணையத்தில் முற்றிலும் இலவசமாக வந்தது. 2009 தொடக்கத்தில் தம் கச்சேரிகளின் தொகுக்கப்படாத காட்சிகளை, 400 ஜிகாபைட்டுக்கும் மேற்பட்ட அளவில், ரசிகர்கள் தாமே படமாகத் தொகுத்துக்கொள்ளுமாறு திறந்துவிட்டார். உரிமையைத் தளர்த்துவதில் இவ்வளவு தூரம் சென்ற முன்னணிக் கலைஞர் அக்காலத்தில் மிகச் சிலரே.

ஆயினும் 1988 நவம்பரை அவர் திறக்கவில்லை. ‘ப்ரெட்டி ஹேட் மெஷி’னின் உரிமை டி.வி.டி. நிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பின் கைமாறி, 2010இல் அவருடைய ஒத்துழைப்போடு புதிய மெருகில் அது மறுபதிப்பாயிற்று. பழைய தொகுப்புகளை மறுபதிப்பிடும்போது மாதிரிப் பதிவுகளைக் கூடுதல் தட்டாக இணைப்பது அதற்குள் சந்தை வழக்கமாகிவிட்டிருந்தது. திருட்டுப் பதிவு என்ற சொல்லையே தலைப்பாக்கி 1991 முதல் வரிசையாக வெளியிட்டு வந்த டிலன், நிலவறைப் பதிவுகளை 2014இல் முழுமையாகவே தந்தார். ரெஸ்னரின் மறுபதிப்பில் சேர்ந்ததோ ஒரேயொரு கூடுதல் பாடல். அதுவும் குவீன் குழுவின் பாடலொன்றை அவர் பாடிய, ஏற்கெனவே வெளிவந்த பதிவு. பத்து லட்சக்கணக்கில் விற்ற தொகுப்பின் கருநிலையை, விரும்பியிருந்தால் சேர்த்திருக்கலாம்.

இதைக் கஞ்சத்தனம் என்று கொள்வதற்கு இடமில்லை. 400 ஜிகாபைட் அதற்கு எதிர்ச்சான்று. முடிந்த படைப்பைப் பகிர்வது வேறு, முடியாததைப் பார்க்கவிடுவது வேறு என்ற பாகுபாட்டை அவர் செயலால் வகுத்திருக்கிறார் என்று கொள்வதே பொருத்தம். ஆய்வாளர்கள் அந்தப் பாகுபாட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். எழுத்தாளர்கள் எரிக்கச் சொன்ன கடிதங்களையும் அரசர்கள் மறைத்த ஓலைகளையும் படித்தே வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு பொறுப்பு உண்டு. ‘ப்யூரஸ்ட் ஃபீலி’ங்கை அக்குழுவின் ‘முதல் தொகுப்பு’ என்று பெயரிட்டு வெளியீட்டு வரிசையின் தலையில் வைக்கும் வழக்கம் ரசிகர் எழுத்திலும், அதைப் பின்பற்றிச் சில ஆய்வுகளிலும் காணப்படுகிறது. அது தொகுப்பன்று. வரிசையையும் தலைப்பையும் உறையையும் தீர்மானித்தவர் விற்றவரே. கைவிடப்பட்ட ஒரு பாடலின் பெயரை முழுமைக்கும் சூட்டி, இல்லாத ஒரு தொடக்கத்துக்கு வடிவம் கொடுத்தவரும் அவரே. ஒலி ரெஸ்னருடையது; நூலமைப்பு திருடருடையது. மேற்கோள் குறிப்பில் ஆசிரியர் பெயருக்கு நேராக ஒருவரையும் பதிப்பாளர் பெயருக்கு நேராக மற்றவரையும் எழுதிக் கடந்துவிடும் வசதி இங்கே இல்லை. 1988 நவம்பர், ரைட் ட்ராக், கிளீவ்லாந்து என்று பதிவின் நாளையும் இடத்தையும் முதலில் சொல்லி, பின்னரே 1994இன் குறுந்தகட்டை ‘அனுமதியின்றி’ என்ற சொல்லோடு குறிப்பதே முறை.